சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்

சூளூர்பேட்டை

2018 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை இரவு. கொழும்பில் 2096/70 என்ற எண்ணுடன் ஒரு சிறப்பு அரசிதழ் வெளியானது. இலங்கை நாடாளுமன்றத்தை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கலைத்துவிட்டார். ஜனவரி 5-ல் பொதுத்தேர்தல். சனியும் ஞாயிறும் கழிந்து திங்களன்று உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்து மனுக்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றுள் 351/2018 என்ற எண் பெற்ற மனுவின் பெயரில்தான் அந்த வழக்கு இன்று சட்டப் புத்தகங்களில் நிற்கிறது. மனுதாரர் இராஜவரோதயம் சம்பந்தன். திருகோணமலை எம்.பி., நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவர், அப்போது வயது 85.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜனாதிபதி கவிழ்த்தது சம்பந்தனின் ஆட்சியை அல்ல. பதவி பறிக்கப்பட்ட பிரதமர் ரணில் விக்கிரமசிங்க; அவருடைய அரசுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்தான் சம்பந்தன். ஆளுங்கட்சி இரண்டாக உடைந்தால் எதிர்க்கட்சிக்காரர் கை கட்டி வேடிக்கை பார்ப்பார், அல்லது நல்ல விலைக்கு ஒரு பக்கம் சாய்வார். நம் ஊர்களில் நாம் பார்த்துப் பழகிய அரசியல் அதுதான். சம்பந்தன் இரண்டையும் செய்யவில்லை. நீதிமன்றப் படியேறி, ஜனாதிபதிக்கு இந்த அதிகாரம் கிடையாது என்று சொன்னார்.

அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அவர் சொன்னதன் கனம் புரியும். 1977 தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140-ஐ அள்ளியது. அந்தப் பெரும்பான்மையை வைத்துக்கொண்டு 1978-ல் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தார். நம் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஜே.ஆர். உருவாக்கிய ஜனாதிபதி நாட்டின் தலைவர், அரசின் தலைவர், படைகளின் தலைவர் எல்லாமாகவும் இருந்தார். பதவியில் இருக்கும்வரை அவர்மீது வழக்குத் தொடரவும் முடியாது. தன் கட்சி எம்.பி.க்களிடம் தேதியிடாத ராஜினாமா கடிதங்களை எழுதி வாங்கி வைத்துக்கொண்டார் ஜே.ஆர். 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பு நடத்தி, பழைய நாடாளுமன்றத்தையே இன்னும் ஆறு ஆண்டுக்கு நீட்டினார்.

அதே 1977 தேர்தலில்தான் திருகோணமலையிலிருந்து வழக்கறிஞர் சம்பந்தன் முதல்முறை நாடாளுமன்றத்துக்குள் போனார். 18 இடங்கள் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியானது, அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. அடுத்த மாதம் ஆளுங்கட்சி ஒரு நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது, எதிர்க்கட்சித் தலைவர்மீது! உலகில் வேறெங்கும் இப்படி நடந்ததாக நான் படித்ததில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பின் வந்த ஆறாவது திருத்தம், தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டதாகச் சத்தியம் செய்தால்தான் எம்.பி. என்றது. கூட்டணியினர் மறுத்தார்கள், பதவி இழந்தார்கள். சம்பந்தன் மறுபடி அந்த அவைக்குள் வர 1997 ஆயிற்று.

ஆகவே கட்டுப்பாடற்ற ஜனாதிபதி என்றால் என்ன என்று அவருக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. 2010 செப்டம்பரில், ஒருவர் இரண்டு முறைக்குமேல் ஜனாதிபதியாகக் கூடாது என்ற வரம்பை அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ச நீக்கினார். 161 பேர் ஆதரித்த அந்தப் பதினெட்டாவது திருத்தத்தை எதிர்த்து வாக்களித்தவர்கள் 17 பேர் மட்டுமே. அந்தச் சிறு கூட்டத்தில் சம்பந்தனின் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு இருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து அடுத்த மோதல். கிராமப்புற வறுமை ஒழிப்பு என்ற பெயரில் மாகாணங்களின் அதிகாரங்களைக் கொழும்புக்கு இழுத்த திவிநெகும மசோதாவை மாகாண சபைகளிடம் கேட்காமல் நிறைவேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்ன தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்கவின்மீது நாடாளுமன்றத்தில் பதவிநீக்கத் தீர்மானம் வந்தது. விசாரித்த தெரிவுக்குழுவில் எதிர்க்கட்சிகள் சார்பில் நான்கு பேர். சம்பந்தன் அவர்களில் ஒருவர். விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று நால்வரும் எழுந்து வெளியே வந்தார்கள். 2013 ஜனவரியில் தலைமை நீதிபதி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வாக்கெடுப்பில் 155-க்கு 49.

தோற்கும் என்று தெரிந்தே போட்ட வாக்குகள் இவை. அவை வீணாகப் போகவில்லை என்பது 2015-ல் தெரிந்தது. இந்த நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று சொல்லி மஹிந்தவை எதிர்த்து நின்றார் அவருடைய அமைச்சராக இருந்த சிறிசேன. சம்பந்தன் அவருக்கு வாக்குக் கேட்டார்; வடக்கும் கிழக்கும் அள்ளிக் கொடுத்தன; 51.28 விழுக்காட்டில் சிறிசேன வென்றார். அந்த ஏப்ரலில் வந்த பத்தொன்பதாவது திருத்தத்துக்கு 212 பேர் கை தூக்கினார்கள்; எதிர்த்தவர் ஒரே ஒருவர். ஜனாதிபதியின் காலம் ஆறிலிருந்து ஐந்து ஆண்டாயிற்று. நினைத்த நேரத்தில் பிரதமரை நீக்கும் அதிகாரம் போயிற்று. நாடாளுமன்றம் முதல்முறை கூடி நாலரை ஆண்டு ஆகும்வரை அதைக் கலைக்க முடியாது. அவையே மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் கேட்டுக்கொண்டால் தவிர.

இன்னொரு சிறு வரியும் அதில் இருந்தது. ஜனாதிபதியின்மீது நேரடியாக வழக்குப் போட முடியாவிட்டாலும், பதவி முறையில் அவர் செய்த செயல் அடிப்படை உரிமையை மீறினால், சட்டமா அதிபரை, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞரை, எதிர்மனுதாரராக்கி உச்ச நீதிமன்றம் போகலாம். 2018-ல் நாட்டைக் காப்பாற்றியது அந்த வரிதான்.

ஐம்பது நாள்

2018 அக்டோபர் 26 மாலையில் சிறிசேனவின் கட்சி ரணிலுடனான கூட்டரசிலிருந்து விலகியது. சற்று நேரத்துக்கெல்லாம் மஹிந்த ராஜபக்ச பிரதமராகப் பதவியேற்கும் காட்சி தொலைக்காட்சியில் வந்தது. யாரை வீழ்த்துவதற்காகச் சிறிசேன மக்களிடம் வாக்குக் கேட்டாரோ அவரையே பிரதமராக்கினார். மறுநாள் நாடாளுமன்றத்தை நவம்பர் நடுப்பகுதி வரை ஒத்திவைத்தார். ஒத்திவைப்பின் நோக்கம் ஒன்றுதான். 225 பேர் கொண்ட அவையில் 113 வேண்டும். மஹிந்தவிடம் அது இல்லை. ஆள் சேர்க்க அவகாசம் தேவைப்பட்டது.

இந்த இடத்தில், ஆந்திரத்தின் சூளூர்பேட்டையில் அறுபதைத் தாண்டிய யாரும் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துவிடுவார்கள். எங்களுக்கு இது 1984 ஆகஸ்டு. இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் ஜெயித்து ஆந்திர முதல்வரான என்.டி.ஆர்., அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியிருந்தார். ஆகஸ்டு 16 அன்று ஆளுநர் ராம்லால் அவரைப் பதவிநீக்கி, அவருடைய நிதியமைச்சர் நாதெண்ட்ல பாஸ்கர ராவை முதல்வராக்கினார். சட்டமன்றத்தில் பெரும்பான்மையைக் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்.டி.ஆர். எம்.எல்.ஏ.க்களைக் கூட்டிக்கொண்டு டெல்லிக்கே போனார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி குடியரசுத் தலைவர் ஜெயில் சிங்கின் முன் தன் பெரும்பான்மையைக் காட்டினார். பிறகு அந்த எம்.எல்.ஏ.க்கள் கை நழுவாமல் கர்நாடகத்தில் பத்திரமாக வைக்கப்பட்டார்கள். ஆந்திரத்தின் தெருக்கள் கொதித்தன. ராம்லால் போனார், சங்கர் தயாள் சர்மா வந்தார், செப்டம்பர் 16-ல் என்.டி.ஆர். மீண்டும் முதல்வர். பெரும்பான்மையை அளக்கும் இடம் அவையே என்று நம் உச்ச நீதிமன்றம் பொம்மை வழக்கில் எழுதி வைத்தது 1994-ல்தான். அதுவரை அந்தப் பாடம் தெருவில் மட்டும் இருந்தது.

கொழும்பில் நடந்தது அதே கதையின் இன்னும் ஆபத்தான வடிவம். ராம்லாலுக்கு மேலே டெல்லி இருந்தது. அவரை மாற்ற முடிந்தது. சிறிசேனவுக்கு மேலே யாரும் கிடையாது.

எம்.பி.க்களுக்கு வலை விரிந்தது. கூட்டமைப்பின் 16 பேர் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கமே வெற்றி என்ற நிலை. மட்டக்களப்பு எம்.பி. வியாழேந்திரன் கட்சி மாறித் துணை அமைச்சரானார். சம்பந்தனுக்கும் அழைப்புகள் வந்தன. மஹிந்தவைச் சந்தித்தார், சிறிசேனவையும் சந்தித்தார். எதையும் மறைக்கவில்லை. நவம்பர் 3-ல் கூட்டமைப்பு முடிவைப் பகிரங்கமாக அறிவித்தது: பிரதமரை நீக்கியது அரசியலமைப்புக்கு விரோதம், மஹிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆதரிப்போம்.

எண்ணிக்கை கூடாது என்று தெரிந்ததும்தான் நவம்பர் 9-ன் அரசிதழ் வந்தது. அவையைச் சந்திக்க முடியாதவர் அவையையே இல்லாமல் ஆக்கினார்.

திங்களன்று நீதிமன்றத்தில் சம்பந்தனுக்காக எழுந்து நின்றவர் மூத்த வழக்கறிஞர் க. கனக ஈஸ்வரன். வாதம் நேரானது. இந்த நாடாளுமன்றம் முதல்முறை கூடியது 2015 செப்டம்பர் 1. நாலரை ஆண்டு நிறைவது 2020 மார்ச் 1. அதற்குமுன் கலைக்க அவையின் தீர்மானம் வேண்டும். அப்படி ஒரு தீர்மானம் இல்லை. அரசுத் தரப்பு 33ஆவது பிரிவைக் காட்டியது: நாடாளுமன்றத்தைக் கூட்ட, ஒத்திவைக்க, கலைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று அங்கே எழுதியிருக்கிறது, அதற்கு நிபந்தனை இல்லை. அப்படியானால் 70ஆவது பிரிவில் நாலரை ஆண்டு என்ற வரம்பை எதற்காக எழுதினார்கள்? ஒரு பிரிவில் பூட்டிவிட்டு இன்னொரு பிரிவில் சாவியைக் கொடுப்பதற்கா? நவம்பர் 13 மாலையே இடைக்காலத் தடை வந்தது. தேர்தல் ஆணைக்குழுவின் உறுப்பினரான யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் இரத்தினஜீவன் ஹூலே மனுதாரர்களில் ஒருவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். தேர்தலை நடத்த வேண்டிய அமைப்பில் இருப்பவர், இந்தத் தேர்தல் சட்டப்படி செல்லாது என்று வழக்காட முன்வந்தது சாதாரணத் துணிவல்ல.

மறுநாள் அவை கூடியது. மஹிந்தவுக்கு எதிரான தீர்மானம் 122 பேரின் கையெழுத்தோடு குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அதை ஏற்க மாட்டோம் என்றது மஹிந்த தரப்பு. நவம்பர் 16-ல் சபாநாயகர் கரு ஜயசூரிய போலீஸ் சூழத்தான் அவைக்குள் நுழைய முடிந்தது; நாற்காலிகள் பறந்தன, மிளகாய்த் தூள் கலந்த தண்ணீர் முகங்களில் வீசப்பட்டது. அந்தக் காணொளிகளை அப்போது நம் வாட்ஸ்அப்பில் எல்லோரும் பார்த்தோம். அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர்களில் பலர், அதே வாரத்தில் நீதிமன்றத்தில் நடந்த அமைதியான வாதத்தைப் பார்க்கவில்லை. வரலாற்றை மாற்றியது அதுதான்.

டிசம்பர் 3-ல் மேன்முறையீட்டு நீதிமன்றம், மஹிந்தவும் அவருடைய அமைச்சர்களும் அந்தப் பதவிகளில் செயல்படத் தடை விதித்தது. டிசம்பர் 12-ல் அவையில் ரணில்மீது நம்பிக்கை தெரிவிக்கும் தீர்மானம் 117 வாக்கில் வென்றது. அதில் கூட்டமைப்பின் 14 வாக்குகள். அவை இல்லாமல் 113-ஐத் தொட்டிருக்கவே முடியாது. மறுநாள், டிசம்பர் 13-ல், தலைமை நீதிபதி நளின் பெரேரா தலைமையிலான ஏழு நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். நாலரை ஆண்டுக்குமுன் கலைத்தது செல்லாது. அந்தச் செயல் சட்டத்தின்முன் சமத்துவம் என்ற மனுதாரர்களின் அடிப்படை உரிமையை மீறியது. டிசம்பர் 15-ல் மஹிந்த விலகினார். 16-ல் ரணில் திரும்பினார். அக்டோபர் 26 தொடங்கிய நெருக்கடி ஐம்பது நாளில் முடிந்தது.

நமக்கு என்ன கிடைத்தது?

டிசம்பர் 18-ல் சபாநாயகர் ஓர் அறிவிப்பைப் படித்தார். இனி எதிர்க்கட்சித் தலைவர் மஹிந்த ராஜபக்ச. நெருக்கடிக்கு முன்பிருந்த ஆட்சியைத் திரும்பக் கொண்டுவந்த சம்பந்தனுக்கு இருந்த பதவியும் போயிற்று. மஹிந்த புதிய கட்சியின் உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டாரே, பிறகு பழைய கட்சியின் எம்.பி.யாக எப்படி நீடிக்கிறார் என்று கூட்டமைப்பு எழுப்பிய ஆட்சேபம் எடுபடவில்லை.

தமிழ் மக்களிடையே அன்று கேட்ட கேள்வி கடுமையானது. அதைத் தட்டிக் கழிக்க எனக்கு மனமில்லை. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் 2017 பிப்ரவரியிலிருந்து சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ராணுவம் பிடித்து வைத்த காணிகள் முழுவதும் திரும்பவில்லை. பல ஆண்டு விசாரணையின்றி அடைபட்ட கைதிகள் சிறையில் இருந்தார்கள். சம்பந்தன் நம்பியிருந்த புதிய அரசியலமைப்பு வரைவு முடங்கிக் கிடந்தது. இத்தனை இருக்க, கொழும்பின் ஒரு தலைவரிடமிருந்து இன்னொரு தலைவருக்கு நாற்காலியை மீட்டுக் கொடுக்கவா நம் எம்.பி.க்கள்? ஆதரவுக்கு விலையாக ஒன்றையும் எழுதி வாங்கவில்லையே?

இந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் சம்பந்தன் செய்ததே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். எண்ணிக்கையில் சிறியவர்களுக்குத் தெருவின் பலம் கிடையாது. என்.டி.ஆருக்கு ஆந்திரம் முழுதும் எழுந்தது. திருகோணமலைக்காகக் கொழும்பு எழாது. 1983-ல் அது எழவில்லை. அவர்களுக்கு மிஞ்சியிருப்பது எழுதி வைத்த சட்டம் ஒன்றே. அது யாருக்காக மீறப்பட்டாலும், நாளை முதலில் அடிபடுவது அவர்கள்தான். ஜனாதிபதி ஒரு கையெழுத்தில் 225 பேரை வீட்டுக்கு அனுப்பலாம் என்றால், ஒரு மாகாண சபையை அனுப்ப அவருக்கு எவ்வளவு நேரமாகும்? சூளூர்பேட்டையிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் போகும்போது வழியில் கும்மிடிப்பூண்டி வருகிறது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1978-ல் கொழும்பில் எழுதிய அரசியலமைப்பு எங்கள் ரயில் பாதை வரை வந்து சேர்ந்திருக்கிறது என்பதை இந்தப் பக்கத்து மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விலை பேசாதது தவறா என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் தெளிவான பதில் இல்லை. பேசியிருந்தால் நிலங்களில் சில திரும்பியிருக்கலாம். பேசியிருந்தால், தமிழர்கள் நாட்டை வைத்துப் பேரம் பேசினார்கள் என்று தெற்கில் அடுத்த தேர்தல் முழுக்க அதையே முழங்கியிருப்பார்கள் என்பதும் நிச்சயம்.

உர மூட்டை வரைக்கும்

2020 தேர்தலில் ராஜபக்சக்கள் பெரும்பலத்தோடு வந்தார்கள். கூட்டமைப்பு 10 இடங்களுக்குச் சுருங்கியது. அந்த அக்டோபரில் இருபதாவது திருத்தம் 156-க்கு 65 என்ற வாக்கில் நிறைவேறி, பத்தொன்பதாவது திருத்தம் ஜனாதிபதியிடமிருந்து எடுத்த அதிகாரங்களில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. கூட்டமைப்பு எதிர்த்து வாக்களித்தது. ஒருவரிடம் குவியும் அதிகாரம் எப்படித் தவறும் என்பதற்கு ஏழே மாதத்தில் சான்று கிடைத்தது.

2021 மே மாதம் ஓர் அரசிதழ் ரசாயன உரங்களையும் பூச்சிமருந்துகளையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. பத்தாண்டில் படிப்படியாக இயற்கை விவசாயத்துக்கு மாறுவோம் என்று தேர்தலில் சொல்லியிருந்த ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச, அதை ஒரே போகத்தில் செய்யச் சொன்னார். நாயுடுபேட்டையிலும் சூளூர்பேட்டையிலும் நெல் போடுகிறவர்களுக்கு, நாற்று நட்டபின் யூரியா பத்து நாள் தாமதமானால் என்ன ஆகும் என்று தெரியும். அங்கே அது கடையிலேயே இல்லை. நெல் விளைச்சல் விழுந்தது, தேயிலை அடிவாங்கியது, தன்னிறைவு பெற்றிருந்த நாடு அரிசி இறக்குமதி செய்தது. நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் போகம் போய்விட்டது. விவசாயிகளும் விஞ்ஞானிகளும் எச்சரித்தார்கள், எதிர்க்கட்சி எம்.பி.க்கள் அவையில் கேட்டார்கள். கேட்டாக வேண்டிய கட்டாயம் அந்த நாற்காலிக்கு இல்லை.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. மே 17-ல் கூட்டமைப்பின் எம்.ஏ. சுமந்திரன், ஜனாதிபதிமீது அதிருப்தி தெரிவிக்கும் தீர்மானத்தை உடனே விவாதத்துக்கு எடுக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த நாட்களிலும் அவை அதை 119-க்கு 68 என்று தோற்கடித்தது. அவை சொல்ல மறுத்ததை ஜூலை 9-ல் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்து சொன்னார்கள். கோத்தபய நாட்டைவிட்டு வெளியேறி 14-ல் ராஜினாமா செய்தார்.

சம்பந்தன் 2024 ஜூன் 30-ல் கொழும்பில் 91 வயதில் காலமானார். அவர் வாழ்நாளில் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்ற வாக்குறுதி பலமுறை கொடுக்கப்பட்டது. 1994-ல் சந்திரிகா கொடுத்தார், 2005-ல் மஹிந்த கொடுத்தார், 2015-ல் சிறிசேன கொடுத்தார். அவர் மறைந்த ஆண்டிலேயே அநுர குமார திசாநாயக்கவும் கொடுத்து வென்றார். முந்தையவர்களுக்கு ஒரு சாக்கு இருந்தது. தனித்து மூன்றில் இரண்டு பங்கு தங்களிடம் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். 2024 நவம்பர் தேர்தலில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி 225-ல் 159 இடங்களை வென்றது. தேவையானது 150. அதன்பின் மக்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அதற்கும் தடை ஏதுமில்லை. அந்த மசோதா எங்கே என்று எதிர்வரிசையில் இருப்பவர்கள், அவர்கள் மூன்று பேராக இருந்தாலும், ஒவ்வோர் அமர்விலும் எழுந்து கேட்க வேண்டும்.